கழித்தது போக மிஞ்சிய வரி

நான் என்ன வேலை பார்த்தேன் என்பதைச் சங்கரன்கோவிலில் ஒருவருக்கும் என்னால் விளங்கவைக்க முடிந்ததில்லை. பேங்கா என்பார்கள். இல்லை என்றால், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிற இடமா என்பார்கள். என் வீட்டுக்காரர் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்: "திருநவேலில கம்ப்யூட்டருக்குள்ள குப்பை பெருக்குதா." கேட்டவர் சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அதைவிடச் சரியாக என் வேலையை இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

வேலையை விட்டு வந்து சில வருஷம் ஆகிறது. நான் வேலை பார்த்த கணினி மையத்தில் இருந்த சர்வர்களை எல்லாம் எங்கோ தொலைவில் உள்ள ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். விருப்ப ஓய்வு கேட்கிறவர்கள் கேட்கலாம் என்றார்கள். கேட்டேன். பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இன்னும் இருக்கிறேன். அதில் எனக்குப் பிறகு சேர்ந்த ஒரு பெண் சமீபத்தில் எழுதியிருந்தாள்: "அக்கா, இப்பல்லாம் எந்தப் பதிவை வச்சுக்கிடணும், எதைக் கழிக்கணும்னு மென்பொருளே முடிவு பண்ணிருது. நீங்க இருந்தப்ப யாரு முடிவு பண்ணுவா? அதைக் கொஞ்சம் எழுதுங்களேன்."

அலுவலகக் கதையை மட்டும் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. என் மகள் வேலை போகுமா நிற்குமா என்று அல்லாடிய ஒரு விஷயம் இந்த வருஷம் நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி என்னால் இனி எதுவும் எழுத முடியாது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் இந்தக் குப்பை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சர்வருக்குள் யார் நுழைந்தார்கள், எந்த நிரலை ஓட்டினார்கள், எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பதை எல்லாம் அதன் இயங்குதளம் தானாகவே எழுதி வைக்கும். அதற்குத் தணிக்கைப் பதிவு என்று பெயர். நாங்கள் ஆடிட் லாக் என்போம். ஒருவர் செய்கிற ஒரு செயலுக்கு ஒரு வரி வராது, ஒரு கொத்தே வரும். யார் செய்தது என்று ஒரு வரி, எந்த இடத்தில் நின்று செய்தது என்று ஒரு வரி, எந்தெந்தக் கோப்பைத் தொட்டது என்று கோப்புக்கு ஒரு வரி. அந்தக் கடைசி வகையில்தான் சிக்கல். இயங்குதளம் தன் சொந்த வசதிக்காக நினைவகத்துக்குள்ளேயே சில கோப்பு முறைமைகளை, கோப்புகளை அடுக்கும் ஏற்பாடுகளை, வைத்துக்கொண்டிருக்கும். அவற்றில் உள்ளவை வட்டில் இருக்கிற கோப்புகள் அல்ல. மனிதர் யாரும் அவற்றைத் திறப்பதும் இல்லை. ஆனால் புதிதாக ஒரு டிரைவரை, அதாவது வெளிக்கருவி ஒன்றை இயக்குகிற நிரலை, ஏற்றினால் அங்கே நூற்றுக்கணக்கில் கோப்புகள் முளைக்கும். பதிவேடு அவற்றையும் விடாமல் எழுதும். எல்லாம் டிரைவரை ஏற்றியவர் பெயரில்.

நான் கணிதம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் கணினிப் பட்டம் வாங்கினேன். மகள் கோமதி, எங்களுக்குக் கோமு, பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு திருநெல்வேலியில் ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் கணினி மையத்தில் சேர்ந்தேன். காலையில் பஸ், மாலையில் பஸ். முதல் சில வருஷங்கள் பேக்கப் எடுப்பது, கடவுச்சொல் மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது என்று போய்விட்டன. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது ஒரு திங்கட்கிழமை காலையைப் பற்றி. கிளைகள் திறந்து, கவுண்டர்களில் ஆட்கள் வரிசையில் நின்றபிறகு எங்கள் முக்கியமான சர்வர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நின்றுவிட்டன. பழுது எதுவும் இல்லை. பதிவெழுதும் வட்டு நிரம்பிவிட்டது. பதிவெழுத இடமில்லை என்றால் வேலையும் செய்யாதே என்று இயந்திரத்துக்கு நாங்களே சொல்லி வைத்திருந்தோம். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. போதாததற்கு, டிரைவர் ஏற்றப்படும்போதெல்லாம் எழுது என்ற புது விதியையும் சேர்த்திருந்தோம். வார இறுதியில் புதுச் சேமிப்புக் கருவிகளை இணைத்ததில் எல்லா சர்வரிலும் டிரைவர்கள் ஏறின. ஏற ஏற அந்த நினைவகக் கோப்புகள் வரிவரியாகப் பெருகி வட்டை நிரப்பிவிட்டன.

பழைய பதிவுகளை வேறு இடத்துக்கு மாற்றி, சர்வர்களை எழுப்பி, கிளைகளிலிருந்து வந்த ஏச்சுகளை எல்லாம் கேட்டு முடித்தபோது எங்கள் மேலாளர் சிவசைலம் சார் வந்து பக்கத்தில் நின்றார். ஒல்லியான மனிதர். ஏசி அறைக்குள் கழுத்தில் மஃப்ளர் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும்.

"என்னம்மா எழுதியிருந்துச்சு, வட்டு நெறையுத அளவுக்கு?"

"எல்லாம் குப்பை சார்."

"யாரு சொன்னா?"

"பாத்தாலே தெரியுது சார்."

"எத்தனை வரி பாத்த?"

ஒரு திரை அளவுதான் பார்த்திருந்தேன். என் பக்கத்தில் இசக்கி இருந்தான். புதிதாகச் சேர்ந்தவன், என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், வாய்த்துடுக்கு. "சார், அம்புட்டையும் வாசிச்சா எங்க பிள்ளைக ரிட்டயர்டு ஆயிரும்" என்றான். சார் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வாசி. நான் கேக்கேன்" என்றார்.

அன்று மதியச் சாப்பாடு வரை நானும் இசக்கியும் மாறி மாறி வாசித்தோம். ஒரே மாதிரியான வரிகள். பாதியில் கோப்பின் பெயரே இல்லை. சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தூங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினால் "ம்" என்றார். இடையில் எங்கேயோ உண்மையான ஒரு வரி வந்தது. யாரோ ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திறந்திருக்கிறார். விசாரித்ததில் அது நம் ஆள்தான், அனுமதியோடு செய்ததுதான். ஆனால் அந்த ஒரு வரி எங்கே கிடந்தது என்பதைக் காட்டத்தான் சார் எங்களை வாசிக்க வைத்தார் என்று நினைக்கிறேன். அவர் வாயால் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது இதுதான்:

"கழிக்கணும்னா கழி. ஆனா வகை பார்த்துக் கழி. இந்த வகைக் கோப்பு முறைமைல இருந்து வாரதை எழுதாதேன்னு சொல்லு, சரி. இத்தனை மணில இருந்து இத்தனை மணி வரைக்கும் வந்ததை எடுத்துருன்னு எவனாவது சொன்னா, அவன் என்னத்தையோ மறைக்கான். அவன் நம்ம ஆளா இருந்தாலும் சரி."

விதி எழுதினோம். ஆனால் அவர் உடனே கையெழுத்துப் போட மாட்டார். எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது, வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. புதுக் கழிப்பு விதி ஒன்று நடைமுறைக்கு வரும் முன், எங்களில் ஒருவர் சோதனை சர்வரில் கள்ளனாக இருக்க வேண்டும். அந்த விதியைப் பயன்படுத்திக்கொண்டு, பதிவில் விழாமல், செய்யக்கூடாத ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அவன் ஜெயித்தால் விதி தோற்றது. தோற்றவர்கள் கேண்டீனில் போண்டா வாங்க வேண்டும்.

எங்கள் முதல் விதியில் எனக்கு ஆசை கூடிவிட்டது. அந்த ஒரு வகையோடு நிற்காமல், நினைவகத்தில் இருக்கிற தற்காலிகக் கோப்பு முறைமையையும் சேர்த்தே கழித்துவிட்டேன். அதுவும் பதிவை நிரப்பிக்கொண்டுதானே இருந்தது. இசக்கிதான் கள்ளன். சாரின் விடுப்புக் கோப்பைச் சோதனை சர்வரில் போட்டிருந்தோம். அவன் அதைத் திருத்துகிற நிரல் ஒன்றை அந்தத் தற்காலிக இடத்திலேயே எழுதி, அங்கேயே வைத்து ஓட்டி, அங்கேயே அழித்துவிட்டு எழுந்து வந்தான். பதிவில் அந்த நிரல் எங்கே இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

"சார், உங்களுக்கு ஒரு மாசம் லீவு போட்ருக்கேன். குற்றாலம் போய்ட்டு வாங்க."

"சீசன் இல்லையேடே" என்றார் சார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, ஆசைப்பட்டு அள்ளிட்ட போலிருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டாவது வகையை விதியிலிருந்து எடுத்தேன். போண்டாவும் வாங்கினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ விதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கள்ளன். பெரும்பாலும் இசக்கிதான், ஒளிக்கிற வழியைக் கண்டுபிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. சார் ஓய்வு பெற்றார். இசக்கி வேறு வேலைக்குப் போனான். பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிப் பிரிவுக்கே தலைவனாக ஆகிவிட்டான். என் மகள் கோமதி கணினி படித்து முடித்தபோது அவனாகவே கேட்டு அவளை அங்கே சேர்த்துக்கொண்டான். "உங்க கையி அவளுக்கும் இருக்கும்லாக்கா" என்றான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை செந்தில்வேல், வாசுதேவநல்லூர். நஞ்சை வைத்துப் பிழைக்கிற குடும்பம். அவருக்கு மேலநீலிதநல்லூர் ஒன்றிய அலுவலகத்தில் வேலை. பெண் பார்த்துப் போய்விட்டார்கள், இரண்டு பக்கமும் பிடித்திருந்தது. எனக்கு மட்டும் ஒரு நமைச்சல். பையன் ரொம்ப ஒல்லி. கோமு வேலை பார்க்கிற அதே மருத்துவமனையில் முன்பு பல நாள் படுத்திருந்தார் என்று யாரோ சொன்னார்கள். காய்ச்சல் என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் கோமு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். பையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னட்டி, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. வர வேண்டாம்னு சொல்லிட்டாவ."

வெளியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் நோயாளிகளின் ஆவணங்கள் இருக்கிற சர்வரின் பதிவுகளைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு காலை நேரத்தில், அரை மணிக்குள், கோமுவின் பெயரில் எக்கச்சக்கமான கோப்பு வரிகள். அவர்களுடைய அறிக்கை மென்பொருள் ஒவ்வொரு வரியையும் ஒரு கோப்பு திறந்ததாக எண்ணிவிட்டது. நோயாளிகளின் ஆவணங்களை மொத்தமாக யாருக்கோ எடுத்துக் கொடுத்திருக்கிறாள் என்று சந்தேகம். விசாரணை முடியும்வரை வரக்கூடாது, முடிவு பாதகமாக இருந்தால் போலீசுக்கும் போகும்.

"நீ என்ன செஞ்சுக்கிட்டு இருந்த அப்ப?"

"பேக்கப் வட்டை மாட்டுனேன். அந்தப் பழைய சர்வர்ல அதுக்கு டிரைவரை நாமதான் கட்டளை கொடுத்து ஏத்தணும்."

எனக்கு உயிர் வந்தது. கேட்டவுடனே தெரிந்துவிட்டது இது என்ன என்று. அந்தத் திங்கட்கிழமைக் குப்பைதான். அங்கே அதற்குக் கழிப்பு விதி போடாமல் விட்டிருக்கிறார்கள். அன்று மாலை இசக்கி கூப்பிட்டான்.

"யக்கா, பதறாதிய. இது என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னா, என் பிரிவுல உள்ள பிள்ளைய நான் காப்பாத்துதேன்னு சொல்லுவாவ. நீங்க ஒரு நட வந்து டாக்டரம்மாகிட்ட செஞ்சு காட்டிருங்க."

"நான் அவ அம்மாடே. என் பேச்சு எடுபடுமா?"

"அதையும் சொல்லிட்டேன். வரட்டும்னு சொல்லிட்டாவ."

டாக்டரம்மா என்பது மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த மூத்த மருத்துவர். மறுநாள் அவர் அறையில் நாங்கள் நான்கு பேர். அவர், இசக்கி, கோமு, நான். கோமுவை அவள் அன்று செய்ததைத் திரும்பச் சொல்வதற்காக வரச் சொல்லியிருந்தார். அவளுக்கு முந்தின இரவு தூக்கம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான்.

"அம்மாவும் மகளும் ஒரே தொழில்" என்றார் டாக்டர். "ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குப் புரியாத பாஷையில பேசி என்னைச் சமாளிச்சிட்டுப் போயிட மாட்டீங்களே?"

"நான் சொல்றதை நீங்க நம்ப வேண்டாம் டாக்டர். நீங்களே செஞ்சு பாருங்க."

முறைப்படி செய்தேன். மூலப் பதிவை யாரும் தொடவில்லை. நகல் எடுத்து, நகலும் மூலமும் ஒன்றுதான் என்று சரிபார்க்கிற குறியீட்டை எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். பிறகு அதேபோன்ற ஒரு சோதனை சர்வரில் டாக்டரின் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறக்க இசக்கியிடம் சொன்னேன். அவரையே உட்கார வைத்து, அந்த ஒரே கட்டளையை, டிரைவரை ஏற்றும் கட்டளையை, எழுத்தெழுத்தாகச் சொல்லி அடிக்க வைத்தேன். பதிவைத் திறந்து காட்டினேன். திரை நிறைய அவர் பெயர். உருட்ட உருட்ட அவர் பெயர்.

"நான் எதையுமே திறக்கலையே!"

"கோமுவும் திறக்கல டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை உருட்டினார். பிறகு சிரித்தார். "இதைப் பார்த்தா நான்தான் பெரிய திருடி போலிருக்கு" என்று சொல்லி எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். நான் கோமுவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பயம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, அப்போ அன்னைக்கு உள்ளதையெல்லாம் கழிச்சிட்டு, இது தவறான எச்சரிக்கைன்னு அறிக்கை எழுதிடலாமா?"

"எழுதிரலாம் டாக்டர்" என்றான் இசக்கி. "அந்த அரை மணி நேரத்தை அப்படியே எடுத்துட்டா முடிஞ்சது."

"நேரம் வச்சு எடுக்க வேண்டாம் இசக்கி" என்றேன். எனக்கு அப்போது ஒரே மிதப்பு. "எந்தக் கோப்பு முறைமைங்கிற அடையாளம் ஒவ்வொரு வரிலயும் இருக்கு. அதை வச்சே எடுப்போம். அவ செஞ்ச வேலை மட்டும் நாலஞ்சு செயலா நிக்கும். டாக்டருக்கும் பாக்கத் தெளிவா இருக்கும்."

இசக்கி விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான். இப்போது நினைத்தால், அவன் முன்பே எதையோ பார்த்துவிட்டிருந்தானோ என்று தோன்றுகிறது. அவனிடம் நான் கேட்கவில்லை.

நகலில் அந்த வகை வரிகளை மட்டும் வடிகட்டினேன். திரை ஒரே நொடியில் காலியானதுபோல் சுருங்கியது. மிஞ்சியதை டாக்டருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். "இது உள்ள நுழைஞ்சது. இது டிரைவர் ஏத்துனது. இது வட்டை மாட்டுனது. இது பேக்கப்பை ஓட விட்டது." அடுத்ததில் என் வாய் நின்றது.

அந்த வரியில் இருந்தது நோயாளிகளின் ஆவணங்கள் இருக்கிற வட்டு. ஒரு கோப்புறை, அதற்குள் ஒரு கோப்பு. கோப்புறைக்கு நோயாளியின் எண்ணும் பெயரும் ஊரும் வைப்பது அங்கே வழக்கம். ஆங்கில எழுத்தில் இருந்தது, செந்தில்வேல் என்று. வாசுதேவநல்லூர் என்று.

டாக்டருக்கு அது வெறும் ஒரு பெயர். "இது என்ன?" என்றார்.

"பேக்கப் ஓடும்போது தொட்டிருக்கும் டாக்டர்" என்றான் இசக்கி. சாதாரணமான குரல். டாக்டர் தலையாட்டி டீக் கோப்பையை எடுத்தார். அத்தோடு முடிந்திருக்கும். அந்த வரியிலேயே எந்த நிரல் அதைத் திறந்தது என்றும் எழுதியிருந்தது. பேக்கப் நிரல் இல்லை. ஆவணம் பார்க்கிற நிரல். டாக்டருக்கு அது தெரியாது. இசக்கிக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் நான் என்ன யோசித்தேன் என்று பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் ஆட்டுகிறது. நேர்மை, கடமை என்று ஒன்றும் தோன்றவில்லை. இவ்வளவு காலம் ஒரு வரியைத் திரையில் பார்த்தால் அது எதுவோ அதைச் சொல்லியே பழகிய வாய், பெற்ற பிள்ளை பக்கத்தில் இருப்பதை மறந்து சொல்லிவிட்டது.

"பேக்கப் இல்ல டாக்டர். இது ஆள் திறந்தது."

இசக்கி தலையைக் குனிந்துகொண்டான். கோமு என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து நின்றாள்.

"நான்தான் டாக்டர். எனக்குப் பேசியிருக்க மாப்பிள்ளை."

டாக்டர் கோப்பையை வைத்தார். "படிச்சியா?"

"திறந்தேன். மொத பக்கம் வந்துச்சு. ஒரு மாதிரி ஆயிட்டு. மூடிட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பதிவு என்ன சொல்லுது?"

"திறந்ததுன்னு மட்டும்தான் சொல்லும் டாக்டர். படிச்சாளா இல்லையாங்கிறது அதுல வராது."

"அப்போ இவ சொல்றதைத்தான் நான் நம்பணும்."

"ஆமா டாக்டர்."

அவர் உட்காரச் சொன்னார். பிறகு பேசியதெல்லாம் நிதானமாகத்தான். மொத்தமாக ஆவணம் எடுத்தாள் என்ற குற்றச்சாட்டு இல்லை, போலீஸ் இல்லை. ஆனால் நோயாளி ஒருவரின் ஆவணத்தை வேலைக்குத் தேவையில்லாமல் திறந்தது திறந்ததுதான். வேலையை விட்டு அனுப்புவதா வேண்டாமா என்பதை நிர்வாகக் கூட்டத்தில் வைக்க வேண்டும். சம்பந்தப்பட்ட நோயாளிக்கும் தெரிவிக்க வேண்டும், அது விதி. "இந்த வாரக் கடைசியில நாங்க அவருக்குப் போன் பண்ணிச் சொல்லுவோம்" என்றார் கோமுவிடம். "அதுக்கு முன்னாடி நீ சொல்லணும்னு நினைச்சா சொல்லிக்கோ. அது உன் இஷ்டம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். சங்கரன்கோவிலை நெருங்கும்போது நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்னு நினைக்கியா?"

"இருந்திருந்தீங்கன்னா நானே சொல்லியிருப்பனாம்மான்னுதான் யோசிச்சுக்கிட்டே வாரேன். தெரியல." ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். "அது தெரியாமலே போயிட்டு."

"எதுக்குட்டி அதைத் திறந்த? உனக்கே அவரைப் பத்திச் சந்தேகமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்லம்மா. காலைல இட்லி வைக்கும்போது கேக்கீங்க, காய்ச்சலுக்கா அத்தனை நாள் படுக்க வைப்பாவன்னு. ராத்திரி படுக்கும்போது கேக்கீங்க. ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேக்கீங்க. ஒரு தடவ பாத்துட்டு ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டா நீங்க நிம்மதியா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

கண்டக்டர் விசில் அடித்து எங்கள் நிறுத்தத்தைச் சொன்னார். நான் எழுந்திருக்க மறந்துவிட்டேன், அவள்தான் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

மறுநாள் அவள் செந்தில்வேலைப் பார்க்க மேலநீலிதநல்லூர் போகிறேன் என்றாள். தனியாக விட மனமில்லாமல் நானும் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. ஒன்றிய அலுவலகத்தின் எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். சாப்பாட்டு நேரம். கொஞ்சத்தில் இருவரும் வெளியே வந்து, வண்டிகள் நிறுத்துகிற தகரக் கொட்டகை நிழலில் நின்றார்கள். பேச்சு கேட்கிற தூரம் இல்லை. அவள் பேசுவது தெரிந்தது. அவர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு எதையோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அவர்தான் அதிகம் பேசினார்.

முடித்துவிட்டு அவர் சாலையைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்க அத்தை. கோமதிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், எதுக்குப் படுத்திருந்தேன், என்ன மருந்து சாப்பிட்டேன்னு. அவ கேக்கல. நானாத்தான் சொன்னேன்." குரலில் வருத்தம் இருந்தது, மரியாதையும் குறையவில்லை. "நீங்க என்கிட்டயே கேட்ருக்கலாமே அத்தை. இப்பவும் கேளுங்க. சொல்லுதேன்."

அத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. கேட்டால் பதில் சொல்ல ஆள் முன்னால் நிற்கிறார். "வேண்டாம் தம்பி" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

அவர்கள் வீட்டிலிருந்து பெரியவர்கள் போன் செய்தார்கள். இப்போதைக்கு இந்தப் பேச்சை நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். இப்போதே இப்படி என்றால் பின்னால் எப்படி என்று அவருடைய அம்மா கேட்டதாகத் தரகர் சொன்னார். அதில் தப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. மருத்துவமனையில் கோமுவின் வேலை தப்பியது. நோயாளிகளின் ஆவணம் இருக்கிற எந்த சர்வருக்குள்ளும் அவளுக்கு இனி அனுமதி கிடையாது. கேபிள், பிரிண்டர், வார்டுகளில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் என்று நடந்து நடந்து பார்க்கிற வேலை. கால் வலிக்கிறது என்பாள். வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். விதியை இசக்கி எழுதிவிட்டான், வகை பார்த்துக் கழிக்கிற விதி. எழுதியதும் என்னைக் கூப்பிட்டு, கள்ளனாக உட்காரக் கோமுவைக் கேட்டதாகவும், அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான்.

கேட்ட பெண்ணுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எதைக் கழிக்கலாம் என்று முடிவு செய்வதை இயந்திரத்திடம் கொடுங்கள், தப்பில்லை, அது எங்களைவிட வேகமாகச் செய்யும். மிஞ்சுவதை மட்டும் ஒரு மனுஷி உட்கார்ந்து பார்க்கட்டும். யாருடைய வரி என்று தெரிந்த பிறகும் அவள் அங்கிருந்து எழுந்து போக முடியாது. அந்த இடத்துக்கு எனக்குத் தெரிந்து எந்த விதியும் எழுத முடியாது.

நேற்று சாயந்திரம் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். கோமுவுக்கு ஒரு போன் வந்தது. பெயரைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் கை கால் கழுவி, காப்பி குடித்து, பேப்பரையும் புரட்டி முடித்துவிட்டார். மேலே பேச்சு நிற்கவில்லை. இடையில் ஒரு தடவை அவள் சிரித்தது கேட்டது.

"யாருகூட இம்புட்டு நேரம் பேசுதா? அந்த வாசுதேவநல்லூர்ப் பையனா?" என்றார். "ஏறிப் போய்ப் பாரேன்."

"பேசட்டும்" என்றேன்.

"யாருன்னாவது கேட்டியா?"

நான் கீரையை முறத்தில் பரப்பிக் காம்பைப் பொறுக்க ஆரம்பித்தேன்.